கேட்ட வினையே விடை

பேராக் ஆற்றங்கரையில் உள்ள கோலா கங்சாரில் காலையில் எதிர்ப்படும் இரண்டு தமிழர்களின் பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும். "பசியாறியாச்சா அண்ணே?" காலை உணவு உண்பதை மலேசியத் தமிழர்கள் இன்றும் பசியாறுவது என்றுதான் சொல்கிறார்கள். விடையும் அதே சொல்லில் வரும். "பசியாறியாச்சுப்பா." சாப்பிடவில்லை என்றால், "இன்னும் இல்ல." அதே கடையின் அடுத்த மேசையில் ஒரு மலாய்க்காரர் நண்பரிடம் "சுடா மாக்கான்?" ('சாப்பிட்டாச்சா?') என்று கேட்டால், சாப்பிட்டவர் "சுடா" என்பார்; சாப்பிடாதவர் "பெலும்" என்பார். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சயோங், சுரைக்காய் வடிவில் வனையப்படும் கறுப்பு மண்கூஜாவுக்குப் பேர்போனது. அதை வாங்கப் போகிறவர் "லாபு ஆடா?" என்று விசாரிப்பார். இருந்தால் விடை "ஆடா". தீர்ந்துபோயிருந்தால் "ஹாபிஸ்".

இந்த மூன்று உரையாடல்களிலும் 'ஆம்' என்ற சொல் இல்லை. மலாயில் அதற்கு ஈடான 'யா'வும் அவற்றில் இல்லை. யாருக்கும் அது குறையாகத் தெரிவதும் இல்லை. கேள்வியில் வந்த வினைச்சொல்லையோ துணைவினையையோ திருப்பிக் கொடுத்தால் விடை முடிந்தது. மொழியியலாளர்கள் இதை எதிரொலி விடை என்பார்கள்.

ஆம்-இல்லை என்று முடியக்கூடிய கேள்விக்கு இயல்பாக விடை சொல்வது எப்படி? தாய்மொழிக்காரர் இப்படி ஒரு கேள்வி இருப்பதையே யோசித்திருக்க மாட்டார். பிறமொழி கற்பவர் யோசித்தே ஆக வேண்டும். தாய்மொழியாகப் பேசும் ஊரே இல்லாத ஒரு மொழியைக் கற்பவருக்கோ சிக்கல் இரட்டிப்பு: எது இயல்பு என்று யாரைக் கேட்பது?

அப்படிப்பட்ட மொழிகளில் பெயர்பெற்றது கிளிங்கான். 'ஸ்டார் ட்ரெக்' திரைப்படங்களில் வரும் போர்க்குணம் கொண்ட வேற்றுக்கிரகவாசிகளுக்காக உருவானது. 1979இல் வந்த முதல் படத்துக்கு நடிகர் ஜேம்ஸ் டூஹன் சில ஒலிகளைக் கோத்துக் கொடுத்தார். 1984இல் வந்த மூன்றாம் படத்துக்காக அந்தச் சில சொற்களிலிருந்து முழு இலக்கணத்தையும் கட்டி எழுப்பியவர் மார்க் ஒக்ராண்ட். அவர் பொழுதுபோக்காக மொழி செய்தவர் அல்லர். கலிபோர்னியப் பழங்குடியினரின் முட்சுன் மொழிக்கு இலக்கணம் எழுதி, பெர்க்லியில் 1977இல் முனைவர் பட்டம் பெற்ற மொழியியலாளர். அவருடைய கிளிங்கான் அகராதி 1985இல் வெளிவந்தது. 1992இல் கிளிங்கான் மொழிக் கழகம் தொடங்கியது. 2018இல் கிளிங்கான் டுவோலிங்கோ செயலியில் பாடமாகவும் வந்தது. சரளமாகப் பேசுபவர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் மிகச் சிலர்தான்.

தமிழ் வாசகரைச் சட்டென்று நிமிர்ந்து உட்கார வைக்கும் இடம் அந்த இலக்கணத்தில் ஒன்று உண்டு. கிளிங்கானில் வினைச்சொல்லின் கடைசியில் ஓர் 'ஆ' ஒட்டினால் அது கேள்வியாகிவிடும். பசித்திருப்பதைக் குறிக்கும் வினை 'குங்'. "பிகுங்" என்றால் 'உனக்குப் பசிக்கிறது'. "பிகுங்ஆ?" என்றால் 'உனக்குப் பசிக்கிறதா?' (தொண்டையை வெட்டி நிறுத்தும் கிளிங்கான் ஒலிகளைத் தமிழ் எழுத்தில் காட்ட முடியாது, இங்கே தருவது கிட்டத்தட்ட அந்த ஒலிதான்.) பசிக்கிறதா, வந்தானா, போகலாமா என்று வாக்கியத்தின் வாலில் 'ஆ' போடுவது தமிழனுக்குப் பால்குடியிலேயே வந்த பழக்கம். இந்த ஒற்றுமை தற்செயலாக அமைந்தது. இதை வைத்து வேற்றுக்கிரகத்திலும் தமிழ் பரவியிருந்தது என்று யாராவது கட்டுரை எழுதக் கிளம்பினால் தடுத்துவிட வேண்டும்.

உண்மையில் இரண்டு 'ஆ'க்களும் ஒன்றல்ல. தமிழின் 'ஆ' எதன்மேல் ஐயமோ அதன்மேல் போய் உட்காரும். "முருகன் நேத்து ஈப்போவுக்குப் போனானா?", "முருகன் நேத்தா ஈப்போவுக்குப் போனான்?", "முருகனா நேத்து ஈப்போவுக்குப் போனான்?" என மூன்று கேள்விகள், மூன்று ஐயங்கள். கிளிங்கானின் 'ஆ' வினைச்சொல்லை விட்டு நகராது. வினைக்கு ஒட்டும் ஒட்டுகளுக்கு ஒன்பது வரிசைகள் உண்டு. இது கடைசியான ஒன்பதாம் வரிசைக்காரர். அதே ஒலியைப் பெயர்ச்சொல்லில் ஒட்டினால் பொருளே மாறி, 'பெரிய' என்றாகிவிடும். காற்று என்ற சொல்லில் ஒட்டினால் பெருங்காற்று. முருகனின் பெயரில் ஒட்டினால் கேள்வி பிறக்காது, பெரிய முருகன்தான் பிறப்பார்.

உலகில் இந்த வால் ஒட்டும் வழி அபூர்வமானது அல்ல. மொழிகளின் அமைப்பை உலக அளவில் வரைபடமாக்கிய ஓர் ஆய்வுத் தொகுப்பில் மேத்யூ டிரையர் 955 மொழிகளை எடுத்துப் பார்த்தார். பெரும்பாலானவை ஏதோ ஓர் இடைச்சொல்லையோ ஒட்டையோ வைத்துத்தான் கேள்வி கேட்கின்றன. ஆங்கிலம் போலச் சொற்களின் வரிசையை மாற்றிக் கேள்வியாக்குபவை வெறும் 13. பள்ளிக்கூடத்தில் இலக்கணம் என்ற பெயரில் நாம் உருப்போட்ட அந்த வரிசை மாற்றம்தான் உலகக் கணக்கில் விசித்திரம்.

கேள்வி அப்படி. விடை?

ஒக்ராண்ட் தன் அகராதியில் 'ஆம்' என்பதற்கு ஹிஜா, ஹிஷ்லாஹ் என இரண்டு சொற்களும், 'இல்லை' என்பதற்கு கோபே என்ற சொல்லும் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. இட்ட ஏவலை ஏற்றுக்கொள்ள, 'சரி, செய்கிறேன்' என்ற பொருளில் லுக் என்று தனிச்சொல். மறுக்க, 'மாட்டேன்' என்ற பொருளில் க்கோ என்று இன்னொன்று. தகவல் கேட்ட கேள்விக்கு கோபே. செய்யச் சொன்னதற்கு க்கோ. இரண்டையும் மாற்றிப் போட்டால் பிழை. இந்த வேறுபாடு வினைச்சொற்களுக்குள்ளும் ஓடுகிறது: 'பசிக்கவில்லை' என்பதற்கு ஓர் எதிர்மறை ஒட்டு, 'செய்ய மறுக்கிறேன்' என்பதற்கு வேறோர் ஒட்டு.

ஆங்கிலம் பேசும் கிளிங்கான் மாணவர் இந்த இடத்தில் திணறுவார். அவர் மொழியில் எல்லாவற்றுக்கும் 'நோ' ஒன்றுதான். தமிழருக்கு இதில் கற்க எதுவுமில்லை. "தம்பி வந்தானா?" என்றால் "இல்ல". "தம்பியைப் போய்க் கூட்டிட்டு வா" என்றால் "மாட்டேன்". முதல் கேள்விக்கு மாட்டேன் என்றோ இரண்டாவதற்கு இல்லை என்றோ எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. 'ஆமா'வும் 'சரி'யும் அப்படியே. இன்னும் சொன்னால், தமிழர் 'மாட்டேன்', 'இல்லை' இரண்டோடு நிற்பவர் அல்லர். வேணுமா என்றால் வேணாம். முடியுமா என்றால் முடியாது. தெரியுமா என்றால் தெரியாது. போகலாமா என்றால் போகக்கூடாது அல்லது வேண்டாம். ஒவ்வொரு வினைக்கும் அதற்கென்று ஒரு மறுப்பு கையோடு இருக்கிறது. அகராதியைத் திறந்து 'இல்லை'யைக் கற்றுக்கொண்டு வரும் அயல்நாட்டு மாணவர் "காப்பி வேணுமா?" என்பதற்கு "இல்லை" என்று சொல்லும்போது, பொருள் புரிந்தாலும் காது இடறுகிறது.

இந்த இயல்பைத் தமிழ் இலக்கணம் மிகப் பழைய காலத்திலேயே கவனித்திருந்தது என்பது பலருக்கு நினைவில் இருக்காது. தொல்காப்பியம் வினாவையும், 'செப்பு' என்று அது அழைக்கும் விடையையும் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே எடுத்துக்கொள்கிறது. கேட்டதற்கும் சொன்னதற்கும் பொருத்தம் வழுவாமல் இருக்க வேண்டும் என்பது விதி. அடுத்ததாகவே, கேள்விக்கு எதிராகக் கேள்வி வந்தால் அதுவும் விடையே என்கிறது. அதற்கும் அடுத்து, விடை நேராக இல்லாமல் போனாலும் பொருளோடு பொருந்திவிட்டால் விலக்க வேண்டியதில்லை என்று வழிவிடுகிறது. விதியைச் சொன்ன சூட்டோடு மீறலுக்கும் இடம் கொடுத்த அந்தத் தாராளம், பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவருக்குத்தான் வரும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இதை வகைப்படுத்தினார். வினா ஆறு வகை, விடை எட்டு வகை. சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பவை அந்த எட்டு. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக ஒப்பித்து மறந்துபோன பட்டியல்தான். ஆனால் கோலா கங்சார் பேருந்து நிலையத்தில் நின்றபடி இதைப் படித்தால் வேறு மாதிரி தெரியும். "அண்ணே, நாளைக்கு ஈப்போவுக்கு வர்றீங்களா?" என்று ஒருவர் கேட்கிறார். "வர்றேன்" என்றால் நேர் விடை. "வரல" என்றால் மறை. "நீயே போயிட்டு வா" என்றால் ஏவல். "வராம இருப்பேனா?" என்றால் வினாவுக்கு எதிர்வினா. "முட்டி வீங்கிக் கிடக்கு" என்றால், நேர்ந்ததைச் சொல்லி மறுக்கும் உற்றது உரைத்தல். "அவ்வளவு தூரம் உக்காந்து வந்தா முட்டி வலிக்கும்" என்றால், நேரப் போவதைச் சொல்லும் உறுவது கூறல். "வெள்ளிக்கிழமை தைப்பிங்குக்கு வேணும்னா வர்றேன்" என்றால் இனமொழி. விட்டுப்போன சுட்டு, வழி கேட்டவருக்குக் கைகாட்டிச் சொல்லும் விடை.

ஒரு கேள்விக்கு ஏழு விடைகள். ஒன்றில்கூட 'ஆம்' இல்லை. எட்டு வகைப் பட்டியலின் முதல் மூன்றும் நேர்விடைகள், கடைசி ஐந்தும் அப்பொருளைத் தருவதால் ஏற்றுக்கொள்ளப்படும் விடைகள் என்று நன்னூல் பிரிக்கிறது. முட்டி வீங்கியிருப்பதைச் சொன்னவர் வரவில்லை என்றுதான் சொல்கிறார் என்பதைக் கேட்டவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்? சொல்லாத பொருளைக் கேட்பவர் ஊகித்து எடுப்பதைப் பற்றி ஆங்கிலேய மெய்யியலாளர் பால் கிரைஸ் 1967இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகள் இருபதாம் நூற்றாண்டு மொழியியலில் ஒரு திருப்பம் என்று கொண்டாடப்படுகின்றன. பவணந்தி கிரைஸை முந்திவிட்டார் என்று மார்தட்டத் தேவையில்லை. கிரைஸ் காரணத்தை விளக்கினார், பவணந்தி வகையைக் காட்டினார். ஆனால் வகையைக் காட்டுவதற்கே, இலக்கணம் என்பது ஒரு வாக்கியத்துக்குள் அடங்குவதல்ல, இரண்டு பேருக்கு நடுவே நடப்பது என்ற தெளிவு வேண்டும்.

அப்படியென்றால் தமிழில் 'ஆமா' எதற்கு? அதற்கும் வேலை உண்டு, வேறிடத்தில். "நீங்க பழைய கிராணியார் மகளா?" (கிராணியார் என்றால் எழுத்தர்) என்ற கேள்வியில் திருப்பிக் கொடுக்க வினைச்சொல் கிடையாது. அங்கேதான் "ஆமா". "முருகனா வந்தான்?" என்றால் "ஆமா, முருகன்தான்". அதாவது 'ஆ' பெயர்மேல் உட்கார்ந்தால் 'ஆமா' இயல்பு. வினைமேல் உட்கார்ந்தால் வினை இயல்பு. கேட்டவர் தனக்குத் தெரிந்ததை உறுதிசெய்து கொள்ளவே கேட்கிறார் என்றாலும் 'ஆமா' வரும். இது இரும்பு விதி அல்ல, "வந்தானா?" என்பதற்கு "ஆமா, வந்தான்" என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் வெறும் "வந்தான்" போதும். வெறும் "ஆமா" சற்று அரைகுறையாக நிற்கும்.

இன்னொன்று. 'ஆம்' என்பதே 'ஆகும்' என்ற வினையின் குறுக்கம். அதை இரட்டித்தால் ஆமாம். 'இல்லை'யும் இல் என்னும் எதிர்மறை வேரிலிருந்து வந்த வினைமுற்றே. ஆக, வினையைத் தவிர்த்துத் தனிச்சொல்லால் விடை சொல்வதாகத் தமிழர் நினைக்கும்போதும் நாக்கில் இருப்பது ஒரு பழைய வினைதான்.

பேராக் மாநிலத்தில் எல்லாத் தமிழரும் 'ஆமா' சொன்னவர்கள் அல்லர். 1877இல் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ கோலா கங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் தொடங்கிய கதை பின்னாளில் பேராக் முழுக்கத் தோட்டங்களாகப் பரவியபோது, பால் வெட்டவும் காடு திருத்தவும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு வந்தது 'ஆமா', 'ஆமாங்க', 'சரிங்க'. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில்பாதை திறக்கப்பட்டது. அந்தக் காலம் தொட்டு ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர்களாக வந்த யாழ்ப்பாணத்தாரின் விடை 'ஓம்'. அவர்களுடைய கேள்வியின் வாலும் வேறு: "சாப்பிட்டாச்சோ?" தோட்ட அலுவலகங்களில் கிராணிகளாக வந்த மலையாளிகளும் "வந்நோ?" என்று ஓகாரத்தில்தான் கேட்டார்கள், அவர்களின் விடையும் "வந்நு". தொல்காப்பியம் வினா எழுத்துகளாக ஆ, ஏ, ஓ மூன்றையும் சொல்கிறது. ஏட்டில் ஒன்றாக இருந்த ஆகாரமும் ஓகாரமும் பேராக் ரயில் நிலையத்துச் சீட்டு வழங்கும் ஜன்னலுக்கு உள்ளும் வெளியுமாக நின்று பேசிக்கொண்டன.

மலாய் மொழிக்கு வந்தால், அது இந்த விஷயத்தில் தமிழைவிடக் கறார். 'திடாக்' வினையையும் பண்பையும் மறுக்கும். 'புக்கான்' பெயரை மறுக்கும். ஆசிரியரா என்று கேட்டால் "புக்கான்"தான் சொல்ல வேண்டும், "திடாக்" சொன்னால் தப்பு. தமிழிலும் 'இல்லை', 'அல்ல' என்று இதே பிரிவினை இருந்தது. எழுத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. பேச்சில் 'அல்ல' தேய்ந்து 'இல்ல'வுக்குள் கரைந்துவிட்டது. 'பெலும்' இன்னும் நுட்பமானது. 'இதுவரை இல்லை, இனி நடக்கலாம்' என்ற முழுப் பொருளையும் ஒரே சொல் சுமக்கிறது. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டால், செய்துகொள்ளும் எண்ணமே இல்லாதவர்கூட "பெலும்" என்பதுதான் வழக்கம். அங்கே "திடாக்" என்பது கதவை அடைத்துவிட்ட மாதிரி ஒலிக்கும். தமிழரும் அதே கேள்விக்கு "இன்னும் இல்ல" என்றுதான் நழுவுகிறார்கள்.

தெற்கே ஈப்போவுக்குப் போனால் சீனர்களிடம் கேட்பது கன்டோனீஸ். அங்கே "இருக்கு-இல்லை" என்று இரண்டையும் அடுக்கி "யௌ மோ?" என்று கேட்பார்கள். இருந்தால் "யௌ", இல்லாவிட்டால் "மோ". தமிழில் "இருக்கா? இருக்கு", மலாயில் "ஆடா? ஆடா", கன்டோனீஸில் "யௌ மோ? யௌ". மூன்று வேறு மொழிக் குடும்பங்கள், ஒரே சந்தை, ஒரே பழக்கம். இந்த மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆங்கிலம் என்ன ஆகும்? "கேன் ஆ?" "கேன்." "காட் ரைஸ்?" "காட்." மலேசிய ஆங்கிலத்தின் இந்த வடிவத்தைப் பள்ளி ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகத் திருத்திப் பார்த்துவிட்டார்கள். ஆய்வாளர்கள் பெரும்பாலும் சீன மொழிகளின் தாக்கத்தையே இதற்கு முதற்காரணமாகச் சொல்கிறார்கள். அது சரிதான் என்றாலும், மலாய்க்காரரும் தமிழரும் தங்கள் பங்குக்கு அதே திசையில் தள்ளியிருக்காவிட்டால் இவ்வளவு உறுதியாக நிலைத்திருக்குமா என்பது ஐயமே. "முடியுமா? முடியும்" என்று வீட்டில் பேசுகிறவருக்கு "கேன் ஆ? கேன்" அந்நியமாகத் தெரிய வழியில்லை.

கோலா கங்சாருக்கும் உருவாக்கப்பட்ட மொழிகளுக்கும் நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. 1905இல் தொடங்கிய இவ்வூர் மலாய்க் கல்லூரியில் ஆசிரியராக 1954இல் வந்து சேர்ந்தார் மான்செஸ்டரில் பிறந்த ஜான் வில்சன். மலாய் கற்றார். இந்த ஊரை மனதில் வைத்து 1956இல் ஒரு நாவல் வெளியிட்டார், ஆண்டனி பர்ஜஸ் என்ற பெயரில். பின்னாளில் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலுக்காக நாட்சாட் என்னும் இளைஞர் வழக்கை உருவாக்கினார். 1981இல் வெளிவந்த 'குவெஸ்ட் ஃபார் ஃபயர்' படத்தில் ஆதிமனிதர்கள் பேசும் மொழியையும் அவரே செய்தார். நாட்சாட்டைக் கிளிங்கானோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். நாட்சாட் ரஷ்யச் சொற்களை ஆங்கில வாக்கியத்தில் பதித்தது. கேள்வியும் விடையும் ஆங்கிலத்தின்படியே நடக்கும். சொல்லை மாற்றினால் சுவை மாறும். பேச்சின் நடை மாற வேண்டுமென்றால் விடை சொல்லும் முறை மாற வேண்டும். ஒக்ராண்ட் அந்தத் தூரத்துக்குப் போனவர்.

ஆனாலும் ஒக்ராண்டால் முடியாதது ஒன்று உண்டு. எது இயல்பு என்பதை அகராதி சொல்ல முடியாது, பேசுகிறவர்கள்தான் சொல்ல முடியும். ஹிஜா, ஹிஷ்லாஹ் இரண்டில் எது எங்கே என்று தீர்மானிக்க ஒரு பாட்டியோ ஒரு சந்தையோ கிளிங்கானுக்கு இல்லை. அமெரிக்காவில் டார்மண்ட் ஸ்பியர்ஸ் என்ற மொழியியலாளர் 1990களில் தன் மகனிடம் முதல் மூன்று ஆண்டுகள் கிளிங்கானில் மட்டுமே பேசிப் பார்த்தார். மகன் வளர வளர அந்த மொழியில் பதில் சொல்ல விரும்பவில்லை. முயற்சி அதோடு நின்றது. அதனால் இன்றும் கிளிங்கான் பேசுவோர் ஐயம் வந்தால் ஒக்ராண்டின் தீர்ப்பையே எதிர்பார்க்கிறார்கள். "பிகுங்ஆ?" என்ற கேள்விக்கு "ஜிகுங்" ('எனக்குப் பசிக்கிறது') என்று வினையால் விடை சொன்னால் இலக்கணப்படி குற்றமில்லை, பொருளும் தெளிவு. ஆனால் பாடநூலில் படித்தவர் முதலில் எடுப்பது "ஹிஜா"வைத்தான். அவர் மனதுக்குள் ஆங்கில 'யெஸ்' உட்கார்ந்திருக்கிறது. ஒரு தமிழரோ மலாய்க்காரரோ கிளிங்கான் கற்றால் அநேகமாக வினையைத்தான் திருப்பிக் கொடுப்பார்.

எல்லா மொழிக்காரரையும் தடுமாற வைப்பது எதிர்மறைக் கேள்வி. "நேத்து வேலைக்குப் போகலையா?" என்று கேட்கிறார்கள். போகாதவர் "ஆமா" என்றும் சொல்லலாம், நீங்கள் சொன்னது சரி என்ற பொருளில். "இல்ல" என்றும் சொல்லலாம், போகவில்லை என்ற பொருளில். போனவரும் "இல்ல, போனேனே!" என்று அதே "இல்ல"வோடு தொடங்கலாம். கேட்டவர் சொன்னது உண்மையா என்று பார்த்து ஆம்-இல்லை சொல்லும் மொழிகள் ஒரு வகை. கன்டோனீஸும் ஜப்பானியமும் அப்படி. கேள்வி எப்படி இருந்தாலும் நடந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்வது ஆங்கில வகை. தமிழும் மலாயும் இரண்டு படகிலும் கால் வைத்திருப்பவை.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் இதற்குத் தனி ஏற்பாடு வைத்திருந்தது. சாதாரணக் கேள்விக்கு 'யே', 'நே'. எதிர்மறைக் கேள்விக்கு 'யெஸ்', 'நோ'. விவிலியத்தை மொழிபெயர்த்த டின்டேல் இந்த வேறுபாட்டைக் காக்கவில்லை என்று தாமஸ் மோர் 1532இல் கடுமையாகச் சாடினார். அவர் சாடும்போதே அந்த வேறுபாடு கரையத் தொடங்கியிருந்தது. பிரெஞ்சும் ஜெர்மனும் எதிர்மறையை மறுத்துரைக்க ஒரு தனிச்சொல்லை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கின்றன. தமிழில் அந்த வேலையைச் செய்வது "போனேனே" என்பதில் உள்ள ஏகாரம்.

தேநீர்க் கடையில் இந்தக் குழப்பம் சிரிப்போடு போய்விடும். நீதிமன்றத்தில் போகாது. "அன்றிரவு நீங்கள் அந்த இடத்தில் இல்லை, அப்படித்தானே?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டு, சாட்சி "ஆமா" என்றால், இருந்தாரா இல்லையா? மொழிபெயர்ப்பாளர் 'யெஸ்' என்று மாற்றிவிட்டால் ஆங்கிலத்தில் அது தலைகீழாகப் பதிவாகக்கூடும். அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர் வினைச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொள்வார்: "இருந்தீங்களா, இல்லையா?" மருத்துவமனையிலும் இதே கதை. "மாத்திரை எதுவும் சாப்பிடறதில்லையே?" என்று கேட்டு வாங்கிய "ஆமாங்க டாக்டர்" எதையும் உறுதி செய்வதில்லை. படிவங்களில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் போட்டு, அதற்கு மேலே எதிர்மறையில் ஒரு வாக்கியம் எழுதிவைப்பவர்களும் இந்தக் குற்றத்தில் பங்காளிகள்.

இதற்கான மாற்று எளிது. படிவம் எழுதுகிறவர்கள் கேள்வியை உடன்பாட்டில் எழுதலாம். கட்டத்துக்குப் பக்கத்தில் ஆம், இல்லை என்பதற்குப் பதிலாக 'சாப்பிடுகிறேன்', 'சாப்பிடுவதில்லை' என்று வினையையே அச்சிடலாம். தமிழைப் பிறருக்குக் கற்பிக்கும் நூல்களை எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள். "நீ சாப்பிட்டாயா?" என்ற கேள்விக்குக் கீழே "ஆம், நான் சாப்பிட்டேன்" என்ற விடையை முதல் பாடத்திலேயே அச்சிடுவதை நிறுத்துங்கள். "சாப்பிட்டேன்" என்று மட்டும் போடுங்கள். அடுத்த பாடத்தில் நன்னூலின் மற்ற விடைகளில் இரண்டையாவது சேருங்கள்.

கோலா கங்சாருக்குப் போகும் வாசகருக்கும் ஒரு வார்த்தை. யாராவது "பசியாறியாச்சா?" என்று கேட்டால் "ஆம்" என்று சொல்லி வெளியூர்க்காரர் என்று காட்டிக்கொள்ளாதீர்கள். பசியாறியிருந்தால் "ஆச்சு" போதும். பசியாறவில்லை என்றால் உண்மையைச் சொல்லுங்கள். கடை பக்கத்தில்தான் இருக்கும்.